கூண்டு வண்டிக்கு மறுபிறவி... குடும்பத்தோடு தங்க ஒரு குட்டி டிரெய்லர் வீடு!

ஆடி மாதம் பிறந்துவிட்டால் சுந்தரபாண்டியம், வத்திராயிருப்பு, கிருஷ்ணன்கோவில் வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு பயணப் பேச்சுதான். ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி, ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் தேர், ஆடி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன். இவற்றில் இருக்கன்குடிப் பயணம் பல குடும்பங்களுக்கு ஒரு நாளில் முடிவதில்லை. அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சூழ்ந்த அந்த இடத்தில் பொங்கல் வைத்து, முடி இறக்கி, கிடா வெட்டி, உறவுக்காரர்களோடு இரவு தங்கிவிட்டுத்தான் திரும்புவார்கள்.

ஒரு தலைமுறைக்கு முன்பு வரை இந்தப் பயணத்துக்குக் கூண்டு வண்டி இருந்தது. மூங்கில் வளைத்துப் பாய் வேய்ந்த கூண்டு. உள்ளே வைக்கோல் பரப்பி, மேலே ஜமுக்காளம். வண்டிக்கு அடியில் அரிக்கேன் விளக்கு. பின்னால் பாத்திர மூட்டை. மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டால் அந்த வண்டியே வீடு. குழந்தைகளும் பெரியவர்களும் கூண்டுக்குள் படுத்துக்கொள்வார்கள். ஆண்கள் வண்டிக்கு அடியில் படுத்துக்கொள்வார்கள்.

இன்று மாடு போய் டிராக்டர் வந்துவிட்டது. ஆனால், கூண்டு வண்டி இருந்த இடத்தில் வந்து நிற்பது, நெல் மூட்டையும் எருவும் ஏற்றுகிற திறந்த டிரெய்லர். அதில் 30 பேர் ஏறிக்கொண்டு நெடுஞ்சாலையில் போவதுதான் இப்போதைய வழக்கம். இந்தப் பழக்கத்தால் உயிரும் போகிறது, நிலமும் போகிறது. அதற்கு மாற்றாகப் பக்கத்து வெல்டிங் பட்டறையிலேயே செய்துகொள்ளக்கூடிய சின்ன டிரெய்லர் வீட்டைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஓடும்போது பெட்டி... நின்றால் வீடு!

முதலில் ஒரு விஷயத்தை மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். இந்த டிரெய்லர் வீடு, சாலையில் ஓடும்போது ஆள் உட்காருவதற்கானது இல்லை. ஓடும்போது அதற்குள் பாய், படுக்கை, பாத்திரம், தண்ணீர் மட்டும்தான் இருக்க வேண்டும். போய்ச் சேர்ந்து, வண்டியை நிறுத்தி, முட்டுக் கொடுத்த பிறகுதான் ஆள் ஏற வேண்டும்.

மாட்டு வண்டி நடை வேகத்தில் போனது. சாய்ந்தாலும் சிராய்ப்போடு போயிற்று. டிராக்டரும் காரும் அப்படி இல்லை. டிரெய்லரில் இருப்பவர்களுக்கு சீட் கிடையாது, பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. கொக்கி கழன்றால் அந்தப் பெட்டிக்கு ஸ்டியரிங்கும் கிடையாது. அதனால்தான் சரக்கு டிரெய்லரில் ஆள் ஏற்றக் கூடாது என்கிறது சட்டம். டிராக்டரின் மட்கார்டில் ஆள் உட்காருவதும் இதே கணக்குதான்.

காப்பீடு விஷயம் இன்னும் கடுமையானது. சரக்கு வாகனத்தில் கட்டணம் இல்லாமல் ஏறிச் சென்றவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்று 2002 டிசம்பரில் ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதாவது, ‘டிராக்டருக்கு இன்ஷூரன்ஸ் கட்டியிருக்கிறோமே’ என்ற தைரியம் இங்கே உதவாது. உறவுக்காரர்கள் என்று அன்போடு ஏற்றிப் போனவர்களுக்கு ஏதாவது ஆனால், இழப்பீட்டுச் சுமை வண்டிக்காரரின் தலையில் விழும். ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் குடும்பத்துக்கு அது நிலத்தையே விற்கிற தொகையாக இருக்கும்.

எனவே, ஆட்கள் பஸ்ஸிலோ, வேனிலோ, காரிலோ போகட்டும். வீடு மட்டும் டிராக்டருக்குப் பின்னாலோ, ஜீப்புக்குப் பின்னாலோ வரட்டும். இந்தப் பிரிவினையை ஏற்றுக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

குதிரை வண்டியில் தொடங்கியது

சக்கரத்தின் மேல் வீடு என்பது வெளிநாட்டிலும் காரோடு பிறந்தது இல்லை. இங்கிலாந்தில் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற மருத்துவர் 1885-ம் ஆண்டு பிரிஸ்டல் நகரத்து வண்டிப் பட்டறையில் சொல்லி, ஊர் சுற்றுவதற்கென்றே ‘வாண்டரர்’ என்ற வண்டியைச் செய்தார். அதை இழுத்தவை இரண்டு குதிரைகள். 1930-களில் அமெரிக்காவில் நடுத்தரக் குடும்பத்தினர் வீட்டு முற்றத்திலேயே சின்ன டிரெய்லர்களைச் செய்யத் தொடங்கினார்கள். கண்ணீர்த்துளி வடிவத்தில் இருந்ததால் அவற்றுக்கு ‘டியர் டிராப்’ என்று பெயர். உள்ளே இரண்டு பேர் படுக்கலாம். பின்பக்கக் கதவைத் தூக்கினால் சமையல் மேடை. கடையில் கிடைக்கும் 8 அடிக்கு 4 அடி பிளைவுட் பலகைதான் அதன் அளவுகோல்.

தமிழ்நாட்டிலும் ஒரு நல்ல உதாரணம் உண்டு. நாமக்கல் மாவட்டம் பரமத்தி வேலூரைச் சேர்ந்த கட்டட வடிவமைப்பாளர் அருண் பிரபு, பஜாஜ் ஆட்டோ ஒன்றின் மேல் 6 அடிக்கு 6 அடியில் ஒரு வீட்டையே கட்டினார். பெரும்பாலும் பழைய பொருட்களைக் கொண்டு, சுமார் 1 லட்சம் ரூபாயில் செய்த வீடு. படுக்கை, சமையல் இடம், குளியல் அறை, 600 வாட்ஸ் சோலார் பலகை, 250 லிட்டர் தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதில் இருந்தன. 2021 பிப்ரவரியில் தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திரா அதைப் பாராட்டி, பொலிரோ பிக்கப் மேல் இதுபோல் ஒன்று வடிவமைக்க முடியுமா என்று கேட்டார்.

சின்ன இடத்தில் இவ்வளவு வசதி செய்ய முடியும் என்பது அந்த ஆட்டோ வீடு சொல்லும் பாடம். அதிலேயே இன்னொரு பாடமும் இருக்கிறது. 250 லிட்டர் தண்ணீர் என்றால் 250 கிலோ பாரம். ஊர்விட்டு ஊர் ஓடுகிற வண்டியில் எது வேண்டும், எது வேண்டாம் என்பதை எடைதான் முடிவு செய்யும்.

அளவும் எடையும்

ஒரு குடும்பத்துக்கு 8 அடி நீளம், 4 அடி அகலம், 4 அடி உயரம் உள்ள பெட்டி போதும். பலகையை வீணாக்காமல் அறுக்கலாம். தரையிலிருந்து கூரை வரை மொத்த உயரம் சுமார் 6 அடிதான் வரும் என்பதால் காற்று பிடிக்காது, மரக்கிளை உரசாது. உள்ளே நிற்க முடியாது. ஆனால், உட்காரலாம், இரண்டு பெரியவர்களும் ஒரு குழந்தையும் படுக்கலாம். பெண்கள் மறைவாக உடை மாற்றிக்கொள்ளலாம். திருவிழாக் கூட்டத்தில் இந்த ஒரு வசதிக்காகவே இதைச் செய்யலாம். மற்றவர்களுக்குப் பக்கவாட்டில் தார்ப்பாய் இழுத்துக் கட்டி, மடக்குக் கட்டில் போட்டுக்கொள்ளலாம்.

இரும்பு கிலோக் கணக்கில்தான் விலை. எடையைப் போட்டுப் பார்த்தால் செலவும் தெரிந்துவிடும்.

* அடிச்சட்டம்: 2 அங்குலச் சதுர பைப், 3 மி.மீ. கனம், இழுவைக் கையோடு சேர்த்து 48 அடி - சுமார் 65 கிலோ.
* மேல் கூடு: 1 அங்குலச் சதுர பைப், 16 கேஜ், 115 அடி - சுமார் 40 கிலோ.
* தரை: 12 மி.மீ. வாட்டர்புரூஃப் பிளைவுட், ஒரு பலகை - சுமார் 25 கிலோ.
* சுவர், கூரை: 6 மி.மீ. பிளைவுட், நான்கு பலகைகள் - சுமார் 45 கிலோ.
* வெளிப்புறத் தகடு: அரை மி.மீ. அலுமினியம், 128 சதுர அடி - சுமார் 16 கிலோ.
* அச்சு, கமான் பட்டை, இரண்டு சக்கரங்கள் - சுமார் 80 கிலோ.
* கதவு, கொசுவலை, மெத்தை, முட்டுக் கால்கள் - சுமார் 30 கிலோ.

மொத்தம் 300 கிலோ. இதற்கு மேல் தண்ணீர் 40 லிட்டர், அடுப்பும் பாத்திரமும் 25 கிலோ, அரிசி பருப்பு 15 கிலோ, துணிமணி 25 கிலோ வைத்தால் பயணத்தின்போது சுமார் 400 கிலோ நிற்கும். பட்டறையில் ‘இருக்கட்டும், கெட்டியாக இருக்கும்’ என்று கனமான ஆங்கிளைச் சேர்த்தால் எடை கூடிக்கொண்டே போகும். கெட்டி வேண்டிய இடம் அடிச்சட்டமும் இழுவைக் கையும்தான். மேல் கூடு லேசாக இருப்பதே நல்லது.

முன்பாரமா... பின்பாரமா?

வண்டி கட்டிய விவசாயிக்கு முன்பாரம், பின்பாரம் என்ன என்று சொல்லித்தர வேண்டியதில்லை. பின்பாரம் ஏறினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை விட்டுத் தூக்கும். முன்பாரம் மிஞ்சினால் கழுத்தை அழுத்தும். டிரெய்லருக்கும் இதே விதிதான். பின்பாரமாக இருக்கும் டிரெய்லர் வேகம் எடுத்ததும் வாலாட்டத் தொடங்கும். முன்னால் இருக்கும் வண்டியையும் சேர்த்து ஆட்டும். முன்பாரம் மிஞ்சினால் இழுக்கும் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து, முன் சக்கரத்துக்குப் பிடிப்புக் குறையும்.

மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கியில் இறங்க வேண்டும் என்பது கணக்கு. அச்சை எங்கே வைத்தால் அது கிடைக்கும்? கொக்கியிலிருந்து பெட்டியின் முன்பக்கம் வரை 5 அடி இழுவைக் கை. பெட்டி 8 அடி. அதன் நடு 4 அடி. பாரம் சமமாகப் பரவியிருந்தால் கொக்கியிலிருந்து 9-வது அடியில் பாரத்தின் நடு வரும். அச்சை 10-வது அடியில் வைத்தால், 400 கிலோவில் 40 கிலோ கொக்கியில் இறங்கும். அதாவது, அச்சு பெட்டியின் நடுவிலிருந்து 1 அடி பின்னால் இருக்க வேண்டும்.

சாமான் ஏற்றிய பிறகு இதைச் சரிபார்ப்பதும் சுலபம். சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஆள் எடை பார்க்கும் மெஷின் ஒன்றைக் கொக்கிக்கு அடியில் ஒரு கட்டை வைத்து நிறுத்தினால் முன்பாரம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். குறைந்தால் சாமானை முன்னால் தள்ளலாம். கூடினால் பின்னால் தள்ளலாம். தண்ணீர் கேனை எப்போதும் அச்சுக்கு மேலே வைக்க வேண்டும். தண்ணீர் செலவாகிக் கேன் காலியானாலும் பாரம் மாறாது. சமையல் மேடை பின்பக்கம் இருக்கும் என்பதால், கல் அடுப்பு, கிரைண்டர் என்று கனமான சாமானை அங்கே அடுக்கக் கூடாது.

கொக்கி, சங்கிலி, விளக்கு

டிராக்டரில் இழுத்தால் வழக்கமான பின் போட்டு மாட்டலாம். பின்னுக்குக் கீழே பூட்டு ஊசி அவசியம். கார், ஜீப் என்றால் 50 மி.மீ. உருண்டைக் கொக்கி. எதுவானாலும் இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகளை இழுவைக் கைக்கு அடியில் பெருக்கல் குறிபோல் குறுக்காக மாட்ட வேண்டும். கொக்கி கழன்றாலும் இழுவைக் கை தரையில் குத்தாமல் சங்கிலி தாங்கும்.

பின்பக்கம் சிவப்பு விளக்கு, பிரேக் விளக்கு, இண்டிகேட்டர், நம்பர் பிளேட்டுக்கு வெளிச்சம், ஒளி பட்டால் மின்னும் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் எல்லாம் வேண்டும். இருட்டில் விளக்கில்லாமல் நிற்கும் டிரெய்லரில் பைக் மோதிய செய்தி இல்லாத மாவட்டம் கிடையாது. சக்கரத்தில் பிரேக் வைப்பது நல்லது. காரில் இழுப்பவர்களுக்கு அது மிக அவசியம்.

டயர் பழையதாக இருக்கலாம். வெடிப்பு இருக்கக் கூடாது. ஸ்டெப்னி ஒன்று கட்டாயம். புதிதாக மாட்டிய சக்கரத்தின் நட்டுகளை முதல் 50 கிலோமீட்டரில் நிறுத்தி ஒருமுறை இறுக்கிவிட வேண்டும். வேகம் 40 கிலோமீட்டருக்குள் இருக்கட்டும். டிரெய்லர் வாலாட்டினால் சட்டென்று பிரேக் போடக் கூடாது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் தானாக அடங்கும்.

காற்று, நெருப்பு, மின்சாரம்

மூடிய பெட்டிக்குள் அடுப்பு பற்றவைக்கவே கூடாது. கரியடுப்பு, கேஸ் அடுப்பு, கணப்பு எதுவும் கூடாது. எரிவதால் உண்டாகும் கார்பன் மோனாக்ஸைடு வாயுவுக்கு நிறமும் மணமும் இல்லை. தூங்குகிறவர்கள் எழாமலே போய்விடுவார்கள். சமையல் வெளியில்தான். மழை வந்தால் தார்ப்பாய்க்கு அடியில், நாலு பக்கமும் திறந்திருக்கும்படி சமைக்கலாம். கேஸ் சிலிண்டரை இரவில் பெட்டிக்கு வெளியே வைக்க வேண்டும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கி நிற்கும்.

கொசுவலை அடித்த ஜன்னல் இரண்டு பக்கமும், கூரைக்குக் கீழே மூட முடியாத காற்றுத் துளையும் வேண்டும். கதவை உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் திறக்க முடிய வேண்டும்.

மின்சாரத்துக்கு 5 வாட்ஸ் எல்.இ.டி. விளக்கு மூன்று, நான்கு மணி நேரம் எரிந்தால் 60 யூனிட் இல்லை, 60 வாட்-மணிதான். 15 வாட்ஸ் டி.சி. ஃபேன் எட்டு மணி நேரம் ஓடினால் 120. ஆக, ஓர் இரவுக்கு 180 வாட்-மணி. 12 வோல்ட், 20 ஆம்பியர் லித்தியம் பேட்டரி 240 வாட்-மணி தரும். சாதாரண லெட்-ஆசிட் பேட்டரி என்றால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால் 40 ஆம்பியர் வேண்டும். 100 வாட்ஸ் சோலார் பலகை ஒன்று இருந்தால் நல்ல வெயிலில் பகலுக்குள் நிரம்பிவிடும்.

பைப் வாங்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகம்

மோட்டார் வாகனச் சட்டப்படி, பதிவு இல்லாமல் எந்த டிரெய்லரும் சாலைக்கு வரக் கூடாது. மத்திய அரசு 2004 நவம்பர் 5-ம் தேதி வெளியிட்ட வாகன வகைப்பாட்டு அறிவிக்கையில், சொந்த உபயோகத்துக்கான ‘கேம்பர் வேன் அல்லது டிரெய்லர்’ என்ற வகை, வாடகை சாராத வாகனங்களின் பட்டியலில் இருக்கிறது. அதைக் குறிப்பிட்டே விண்ணப்பத்தைப் பற்றிப் பேசலாம்.

பட்டறையில் வேலை தொடங்கும் முன்பே, அளவும் எடையும் குறித்த வரைபடத்தோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய், என்னென்ன சான்று வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. செய்து முடித்த பிறகு போனால், ஒரு அளவு தவறியிருந்தாலும் திரும்ப வெட்ட வேண்டிவரும். ஏற்கெனவே பதிவான விவசாய டிரெய்லர் வைத்திருப்பவர்கள், அதன் மேல் நிரந்தரமாகக் கூண்டு அடித்தால் அதற்கும் முன் அனுமதி தேவை. காரில் இழுப்பதாக இருந்தால், எவ்வளவு எடை இழுக்கலாம் என்று காரின் கையேட்டில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருக்கவில்லை என்றால் அந்தக் காரில் இழுக்க வேண்டாம்.

எங்கே நிறுத்தலாம்?

ஊருணிக் கரை, கோயில் நிர்வாகம் ஒதுக்கும் வாகன இடம், தெரிந்தவர் தோப்பு இவை நல்ல இடங்கள். ஆற்று மணலும் ஓடைக்கரையும் வசதியாகத் தெரியும். ஆனால், மலையில் பெய்கிற மழை கீழே தெரியாது. 2015-ம் ஆண்டு மே மாதம் சதுரகிரியில் திடீர் வெள்ளம் வந்து பக்தர்கள் உயிரிழந்ததை இந்த வட்டாரம் மறந்திருக்காது. தாணிப்பாறைக்கு அப்பால் காடு, 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம். அங்கே வனத்துறை அனுமதி இல்லாமல் தங்க முடியாது.

திருவிழாவுக்குப் போவது ஆண்டில் பத்து நாள். மீதி நாளில் இந்தப் பெட்டி சும்மா நிற்க வேண்டியதில்லை. அறுவடைக் களத்தில் நெல் காவலுக்கு, கொய்யா, மா காய்ப்பில் இருக்கும்போது தோட்டத்துக்கு, பிறகு மருந்து தெளிப்பான், மோட்டார் சாமான் பூட்டி வைக்க என்று இடம் மாற்றி நிறுத்திக்கொள்ளலாம். பூச்சிமருந்து வைத்தால் மட்டும் அதில் மறுபடி படுக்கக் கூடாது. யானை வந்துபோகும் மலையடிவாரத் தோப்பிலும் இரவு இதில் தங்க வேண்டாம். அரை மி.மீ. தகடு யானைக்கு ஒரு பொருட்டே அல்ல.

கேள்வி - பதில்

ஓடும்போது வயதானவர்களை மட்டும் உள்ளே படுக்க வைக்கலாமா?
கூடாது. உள்ளே விழுந்தாலும் மயங்கினாலும் ஓட்டுகிறவருக்குத் தெரியாது. அவர்களுக்குத்தான் பஸ் சீட்டோ, கார் சீட்டோ முதலில் வேண்டும்.

டிராக்டரிலிருந்து அவிழ்த்த பிறகு பெட்டி பின்னால் சாயுமா?
பின்பக்கம் இருவர் ஏறினால் சாயும். அவிழ்த்த வண்டிக்கு முட்டுக் கொடுப்பதுபோல, நான்கு மூலையிலும் திருகு முட்டுக் கால்களை இறக்கி, சக்கரங்களுக்கு இருபுறமும் கல் வைத்த பிறகே ஏற வேண்டும்.

பிளைவுட் மழையில் ஊறிவிடாதா?
அறுத்த ஓரங்களில்தான் தண்ணீர் இறங்கும். ஓரங்களுக்கு இரண்டு பூச்சு பெயின்ட் அடித்த பிறகே தகட்டைப் போர்த்த வேண்டும். கூரைத் தகடு சுவர்த் தகட்டின் மேல் ஒரு அங்குலம் மடிந்து இறங்கட்டும். இணைப்புகளில் சிலிக்கான் பூசினால் போதும்.

திருவிழாவுக்கு வாடகைக்கு விடலாமா?
சொந்த உபயோகம் என்று பதிவு செய்ததை வாடகைக்கு விட்டால் பதிவும் காப்பீடும் செல்லாமல் போகும். நம்பிக்கையான அண்ணன் தம்பி வீட்டுக்கு என்றாலும், முன்பாரம் பார்க்கவும் சங்கிலி மாட்டவும் தெரிந்தவர் ஒருவர் கூடப் போகட்டும்.

ஒரு குடும்பத்தால் செலவு தாங்க முடியாவிட்டால்?
பங்காளிகள் இரண்டு, மூன்று வீடு சேர்ந்து செய்யலாம். பதிவும் காப்பீடும் ஒருவர் பெயரில்தான் இருக்கும் என்பதால், பங்குத் தொகையையும் யாருக்கு எந்தத் திருவிழா என்பதையும் முதலிலேயே நோட்டில் எழுதிக்கொள்வது நல்லது. ஆடி வெள்ளிக்கு எல்லோருமே ஒரே இடத்துக்குத்தான் போவார்கள். அன்றைக்குப் பெட்டி பொது.